நாற்காலி முதுகில் இருந்த சின்னம்

எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், யார் வீட்டில் விசேஷம் என்றாலும், யார் வீட்டில் சாவு என்றாலும், நாற்காலிகள் கோயிலிலிருந்துதான் போகும். கொண்டுபோய் இறக்குவது நான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வேனை நிறுத்துவது கோயில் ஸ்டோருக்குப் பக்கத்தில். அதனால் ஸ்டோர் சாவியும் என்னிடமே தங்கிவிட்டது. இதற்காக யாரும் எனக்குப் பதவி கொடுக்கவில்லை, மாலையும் போடவில்லை. கேட்டார்கள், கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது கழுவிக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் சட்டம். அதைக்கூடச் சிலர் செய்யமாட்டார்கள். குழம்புக் கறையோடு வந்த நாற்காலிகளைத் தேய்த்துக்கொண்டே நான் திட்டிய திட்டெல்லாம் அந்தக் குடும்பங்களுக்கு ஏழு தலைமுறைக்குப் போதும்.

பழுப்பு நிற பிளாஸ்டிக் நாற்காலிகள் அவை. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கட்சியின் சின்னம் இருந்தது, அதற்குக் கீழே கோயிலின் பெயர். சில தேர்தல்களுக்கு முன்னால் ஓட்டுக் கேட்டு வந்த ஒரு பெரிய மனிதர் அன்பளிப்பாகக் கொடுத்தவை. அவர் தோற்றார், கட்சி மாறினார், பிறகு மாறிய கட்சியிலிருந்தும் போய்விட்டார் என்றார்கள். நாற்காலிகள் எங்களிடமே இருந்தன. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்ணை நான் காக் என்று கூப்பிடுவேன்; மலாயில் அக்கா என்று அர்த்தம். அவள் மகளின் கல்யாண விருந்துக்கு இந்த நாற்காலிகள்தாம் போயின. இரும்புக்கடை நடத்தும் சீன முதலாளியான தவுக்கேயின் அம்மா இறந்தபோது சீனப் பூசாரி மணியடித்து மந்திரம் சொன்ன கூடாரத்திலும் இவைதாம். தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே மாமாக் கடை என்று பெயர்; அதை நடத்தும் அண்ணன் நோன்பு மாதத்தில் கடைக்கு வெளியே மேசை போட்டால் அங்கேயும் இவைதாம். சின்னத்தை யாரும் பார்த்ததில்லை. நாற்காலியின் முதுகைப் பார்த்தா மனிதன் உட்காருகிறான்?

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் தாமான் சிம்பாங் பூலாயிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. முன்பு பால்மரத் தோட்டம். என் அம்மா அங்கே பால் வெட்டியவர். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிற ஆள் நானில்லை. கொசுவும் அட்டையும் கடன்காரனும் நிறைந்த காலம் அது. தோட்டத்தின் மேட்டுப் பகுதி மட்டும் கடைசிவரை மரத்தோடு இருந்தது. அதையும் ஒரு கம்பெனி வாங்கி, மரங்களைச் சாய்த்து, மாடி வீடுகள் கட்டுவதற்காகச் செம்மண்ணை உரித்துப் போட்டது. மழைத் தண்ணீரைத் தேக்க ஒரு குளம் வெட்டுவோம் என்று முகப்பில் பெரிய பலகை வைத்து, அதில் குளக்கரையில் ஒரு குடும்பம் சைக்கிள் ஓட்டுவதுபோல் படமும் போட்டிருந்தார்கள். குளம் அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது.

அதன் பிறகு பிற்பகலில் வானம் கறுத்தாலே நாங்கள் சாமான்களைத் தூக்கி மேலே வைக்க ஆரம்பிப்போம். மேட்டிலிருந்து தண்ணீர் சேறாக இறங்கும். எங்கள் லோங்காங் பழைய காலத்துச் சாக்கடை, அகலம் போதாது. அது நிரம்பி ரோட்டுக்கு வந்து, முதலில் மாமாக் கடைக்குள் போகும், பிறகு இரும்புக்கடைக்கு, பிறகு எங்கள் வரிசை வீடுகளுக்கு. கோயில் மூலஸ்தானத்துப் படிவரை சேறு வந்தது. காக் வீட்டு அடுப்படியில் அரிசி மூட்டை ஊறிக் கெட்டது. என் வேன் ஒரு முறை ரோட்டின் நடுவில் நின்றுவிட, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையேற்றினேன். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாம் ஒரே மாதிரிதான் கத்தின.

வடிகாலுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குத் தனித்தனியாகப் போன் செய்து அலுத்துவிட்டோம். கடைசியில் ஒரு நல்ல பதில் வந்தது. அதிகாரி ஒருவர் சனிக்கிழமை எங்கள் பொது மண்டபத்துக்கு வந்து குடியிருப்பவர்களின் குறைகளைக் கேட்பார். தாமான் முழுவதும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று எல்லாரும் ஒன்றாகச் சொன்னால், குளம் வெட்டி முடிக்கும்வரை மேட்டு வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்றார்கள். அது எங்களுக்குப் பெரிய விஷயம். ஆண்டுக் கடைசி மழைக்கு முன்னால் குளம் வந்தால் வீடு தப்பும், வராவிட்டால் மறுபடி சேறுதான்.

யார் என்ன பேசுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம் என்று மாமாக் கடை அண்ணன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கடையில் கூட்டம் குறைவு. கடைக்கு முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில் உட்காரலாம், தேத்தண்ணி அவர் செலவு என்றார். அண்ணனின் அப்பா தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து ஈப்போவில் துணி விற்றவர். அண்ணன் ரொட்டி சானாய் போட ஆரம்பித்தபோது எனக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அவருடைய தமிழ் என் தமிழைவிடச் சுத்தம்.

அஞ்சடியில் இருந்த கடை நாற்காலிகள் போதவில்லை. நான் வேனை எடுத்துப் போய்க் கோயில் நாற்காலிகளை ஏற்றி வந்தேன். இன்றைக்கு என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்: உட்கார இடம் இல்லை, நாற்காலி கொண்டுவந்தேன். அதில் ஒரு தப்பும் கிடையாது.

கூட்டம் நன்றாக நடந்தது. நன்றாக என்றால் எங்கள் ஊர் முறைப்படி நன்றாக. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தவுக்கே மலாயில் ஆரம்பித்துக் கான்டனீசில் கோபப்பட்டார். காக் எழுந்து, கெட்டுப்போன அரிசியின் நாற்றத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு நடித்தே காட்டினாள், எல்லாரும் சிரித்துவிட்டோம். சனிக்கிழமை முதலில் பேச வேண்டியது அவள்தான் என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. அவளுக்குப் பேச்சு தண்ணீர்பட்ட பாடு, பயமும் கிடையாது. அடுத்து அண்ணன், அதற்கடுத்துத் தவுக்கே, கடைசியில் வேனைப் பற்றி நான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷம் ஒரே ரோட்டில் இருந்தும் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பற்றிச் சேர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

யாரோ ஒருவர் போட்டோ எடுத்துத் தாமான் குரூப்பில் போட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பெருமைக்காகத்தான். ஆனால் எடுத்தவர் பின்னால் நின்று எடுத்திருந்தார். அதில் எங்கள் முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. வரிசையாக நாற்காலி முதுகுகள், ஒவ்வொன்றிலும் கட்சிச் சின்னம், கோயில் பெயர். முன் வரிசையில் கோயில் பெயருக்கு நேர் மேலே காக்கின் தலைமுக்காடு.

மறுநாள் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே போன் விடாமல் கத்த ஆரம்பித்தது. எங்கள் குரூப்பிலிருந்து அந்தப் படம் வெளியே போயிருந்தது. போன இடத்தில் அதற்குக் கை கால் முளைத்திருந்தது. மலாய்க்காரர்கள் பார்க்கிற பக்கங்களில், ஒரு கட்சி கோயில் நிலத்துக்காக ரகசியக் கூட்டம் போட்டு அப்பாவி மலாய்ப் பெண்களை முன்னால் உட்கார வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். தமிழர்கள் பார்க்கிற பக்கங்களில், கோயில் சொத்தை மாமாக் கடையில் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டார்கள், அடுத்தது கோயிலையே தூக்கிக் கொடுப்பார்கள் என்று ஒருவர் குரல் பதிவில் அழாத குறையாகப் பேசினார். இரண்டையும் கேட்டேன். இரண்டிலும் லோங்காங் என்ற சொல்லே வரவில்லை.

அன்றைக்கே ஏதோ ஓர் அமைப்பைச் சேர்ந்த ஆண்கள் சிலர் போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் செய்தார்கள். நம் நாட்டில் இதற்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. ரிப்போர்ட் எழுதிய தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நிலையத்தின் வாசலில் வரிசையாக நின்று, போனைப் பார்த்து ஒருவர் பேச மற்றவர்கள் முறைக்க வேண்டும். அவர்கள் அதை ஒழுங்காகச் செய்தார்கள். அடுத்த நாள் நம் பக்கத்து இளைஞர்கள் சிலர் பதில் ரிப்போர்ட் செய்து, அதே வாசலில், அதே மாதிரி நின்று முறைத்தார்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் எங்கள் தாமான்காரர் ஒருவர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் வீட்டிலும் ஒரு சொட்டுச் சேறு ஏறியதில்லை. எங்கேயோ காய்ந்த தரையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஈரத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

மாமாக் கடை அண்ணனை வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். இடம் அவருடையது அல்லவா? காலையில் போனவர் பிற்பகலில் வந்தார். நான் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். அவர் கல்லாவில் உட்காராமல் உள்ளே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாண்ணே கேட்டாங்க?"

"மரியாதையாத்தான் கேட்டாங்க தங்கச்சி. குடிக்கத் தண்ணிகூட குடுத்தாங்க. கூட்டம் எதுக்கு, எந்தக் கட்சி, நாற்காலி யாரு கொண்டாந்தான்னு. லோங்காங் பத்திப் பேசினோம்னேன். எழுதிக்கிட்டாரு. எழுதி முடிச்சிட்டு, சரி, நாற்காலி யாரு கொண்டாந்தான்னாரு."

"நாந்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒன் பேர எதுக்கு இழுக்கணும்? தெரியலன்னுட்டேன்."

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சனிக்கிழம வாரீங்கல்ல? அந்த அதிகாரி முன்னால உள்ளதச் சொல்வோம்ண்ணே. இது அரசியலே இல்ல, தண்ணி" என்றேன்.

"தண்ணின்னு நீ சொல்ற. போட்டோவுல தண்ணி தெரியலயே லா. நாற்காலிதான தெரியுது." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஒரு பக்கம் என்னையத் தமிழன்கிறான், கோயிலுக்கு ஆள் சேக்கிறேன்கிறான். இன்னொரு பக்கம் மாமாக்குங்கிறான், கோயிலப் புடிக்க வந்துட்டேன்கிறான். காலையில ரெண்டு பக்கமும் வந்து எங்கிட்டதான் ரொட்டி திங்கிறான். கடை லைசன்ஸ் இருக்கு, வேலக்காரப் பசங்க பெர்மிட் இருக்கு. யாராச்சும் ஒருத்தன் இன்னொரு ரிப்போர்ட் போட்டா நான் எங்க போவேன்?"

அவரிடம் கோபப்பட முடியவில்லை. கோபப்பட ஆள் கிடைக்காத கோபம் மாதிரிக் கொடுமை வேறு இல்லை. இரண்டு நாளில் கடைச் சுவரில் மூன்று மொழியில் ஓர் அட்டை தொங்கியது: இங்கே அரசியல் பேச வேண்டாம். நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கடையில் மனிதர்கள் அரசியல் பேசித்தான் பார்த்திருக்கிறேன். பிரதமரையே அங்கே மேசையைத் தட்டித் திட்டுவார்கள், தேர்தல் முடிவைப் பந்தயம் கட்டுவார்கள், சண்டை முற்றினால் அண்ணன் தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே நடுவில் வந்து நிற்பார். அட்டை வந்த பிறகு எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்தப் போனுக்குள் அரசியல் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரோடு பேசுவதுதான் நின்றுபோயிற்று.

அடுத்த கூத்து கோயிலில் நடந்தது. எங்கள் கோயில் தலைவர் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் நான் போய்ப் பார்த்தால் நாற்காலிகளையெல்லாம் வெளியே அடுக்கி, இரண்டு பேரை வைத்துத் தின்னர் ஊற்றித் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்சிச் சின்னம் போக வேண்டுமாம். கோயில் பெயரை மட்டும் இன்னும் பெரிதாக, தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி எழுத வேண்டுமாம்.

"சின்னம் இத்தன வருஷமா அதுலதான இருந்துச்சு? அப்ப ஒங்க கண்ணுக்குத் தெரியலயா தலைவரே?" என்று கேட்டேன்.

"அப்ப யாரும் போட்டோ எடுக்கலம்மா" என்றார். "இனிமே நாற்காலி வெளிய போக வேணாம். நம்ம ஆளுங்களுக்கு மட்டும் குடு."

"நம்ம ஆளுன்னா யாரு? காக் எஞ்செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா. எனக்கு டெங்கி வந்தப்ப கஞ்சி வச்சிக் குடுத்தது அவதான், நீங்க இல்ல."

"நீ கோவப்படாத. எனக்கு மேலிடத்துலேருந்து போன் வருது. கோயில் நிலத்துக்கு நம்மகிட்ட ஒழுங்கான பட்டா கெடையாது. இந்த நேரத்துல எவன் கண்ணுலயும் படக் கூடாது. சனிக்கிழமகூட நம்ம ஆளுங்க வாயத் தொறக்க வேணாம்."

சாவியைக் கொடு என்று கேட்டார். கொடுக்கமாட்டேன், வேண்டுமானால் பூட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பூட்டு மாற்றக் கமிட்டி கூட வேண்டும், கமிட்டி கூட்டப் பயமாக இருந்தது போல, பூட்டு மாறவில்லை. நாற்காலிகளில் சின்னம் போயிற்று, ஆனால் அது இருந்த இடம் வெளிறித் தெரிந்தது. எந்தச் சின்னம் என்று யாருக்கும் சந்தேகம் வர வாய்ப்பில்லை.

எனக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை காக்தான். அவள் பேசினால் போதும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். வெள்ளிக்கிழமை மாலை துணி காயப்போடும்போது சுவருக்கு மேலாகக் கூப்பிட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். அவளுடைய மலாய் பாட்டு மாதிரி இருக்கும், என்னுடையது வேன் ஹார்ன் மாதிரி. நாளைக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டேன். அவள் ஒரு சட்டையை எடுத்து உதறினாள், மறுபடி உதறினாள்.

தன் புருஷன் அரசாங்க வேலையில் இருக்கிறார் என்றாள். அது எனக்கு அவள் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். ஆபீசில் யாரோ அந்தப் படத்தைப் பெரிதாக்கி, உன் மனைவியா இது, கோயில் கூட்டத்தில் என்ன செய்கிறாள் என்று கேட்டார்களாம். சொந்த அண்ணன் போன் செய்து, குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய் என்றானாம். "நான் அரிசியைப் பற்றித்தானே பேசினேன்?" என்று என்னையே கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"அதையே நாளைக்கும் பேசு" என்றேன்.

"பார்க்கலாம்" என்றாள். இன்ஷா அல்லாஹ் என்றுகூடச் சொல்லவில்லை, அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் ஆட்கள் வந்திருந்தார்கள். அதுதான் வேடிக்கை. வராமல் இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தவுக்கே மட்டும் வரவில்லை. நமக்கு இதெல்லாம் வேண்டாம், கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். காக் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாக் கடை அண்ணன் கதவோரமாக நின்றார். கோயில் ஆட்கள் ஒரு பக்கம், மலாய்க்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் வழிவிட்ட மாதிரி வெறும் தரை. அஞ்சடியில் நடந்த கூட்டத்தில் யார் பக்கத்தில் யார் என்று யாரும் பார்க்கவில்லை.

அதிகாரி சின்ன வயசுக்காரர், அடக்கமானவர். உண்மையிலேயே கேட்கத்தான் வந்திருந்தார். உங்கள் குறைகளைச் சொல்லுங்கள் என்றார். யாரும் பேசவில்லை. தயங்க வேண்டாம், தாராளமாகச் சொல்லலாம் என்றார். காற்றாடி சுற்றுகிற சத்தம்தான் கேட்டது.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு நிறுத்துவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். துரை சில நாள் வந்து நின்று, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பாராம். ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்களாம். ஏன் என்று நான் சின்னப் பிள்ளையில் கேட்டதற்கு, வேலையும் அவன் கையில், வீடும் அவன் கையில், எப்படிப் பேசுவது என்றார். அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. இந்த அதிகாரியின் கையில் என்ன இருந்தது? ஒரு பேனா. நாங்கள் ஓட்டுப் போடுகிறவர்கள். விரலில் மை வைத்துக்கொண்டு அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்கள். பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் எங்களுக்குச் சொல்லவில்லை, எங்கள் கூட்டத்தை யாரும் தடை செய்யவில்லை. கேட்க வந்த மனிதர் கேட்டுக்கொண்டு நிற்க, எங்கள் வாயை நாங்களே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்தேன். என் ஹார்ன் மலாயில் எல்லாவற்றையும் கொட்டினேன். மேட்டு மண், வராத குளம், அகலமில்லாத லோங்காங், நின்றுபோன வேன், ஊறிய அரிசி. அதிகாரி எழுதினார். நான் உட்கார்ந்ததும் நிமிர்ந்து, மற்றவர்களுக்கும் இதே பிரச்சினையா என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் அறையை ஒரு முறை பார்த்தார். என்னைப் பார்த்தார், கோயில் ஆட்கள் பக்கம் பார்த்தார். "அப்படியென்றால் இது கீழ் வரிசையில் இருக்கிற இந்தியர் வீடுகளின் பிரச்சினை, இல்லையா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. 

"இல்லை துவான்! தண்ணீர் முதலில் போவது அதோ அந்தக் கடைக்குள். கடைக்காரர் அங்கே நிற்கிறார், அவரையே கேளுங்கள்" என்று கத்திவிட்டேன்.

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "சிக்கிட் சாஜா, துவான்" என்றார். கொஞ்சம்தான் ஐயா என்றார். முட்டியளவு சேற்றில் நின்று மாவு மூட்டையைத் தலையில் தூக்கி வைத்திருந்த மனிதர் அதைச் சொன்னார். காக் தலையைத் தூக்கவே இல்லை; போனின் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் இருந்தது. அதிகாரி, இந்தியர் விவகாரங்களைப் பார்க்கிற பிரிவுக்கு இதை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். வந்ததற்கு எல்லாருக்கும் நன்றி சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மேட்டில் வேலை நிற்கவில்லை. ஆண்டுக் கடைசி மழை வந்தது. இந்த முறை தண்ணீர் இந்தியர் வரிசை எது என்று விசாரித்துக்கொண்டு வரவில்லை. கடையில் மூன்று மொழி அட்டைவரை சேறு ஏறியது. தவுக்கேயின் ஆணிப்பெட்டிகள் ரோட்டில் கிடந்தன. என் வீட்டு அலமாரி மிதந்தது. காக் வீட்டில் மெத்தைகள் எல்லாம் நனைந்து, பிணம் மாதிரி கனத்தன.

வெயில் வந்த காலையில் நான் வாசல் சேற்றை வழித்துக்கொண்டிருந்தேன். காக் வந்து நின்றாள். மண்டபத்துக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் துணி மட்டும் காய்ந்தது. மெத்தைகளைத் தூக்கி வைத்துக் காயப்போட வேண்டும், நாற்காலி இருக்குமா என்று கேட்டாள். கேட்கும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். நம்ம ஆளுக்கு மட்டும் என்ற சட்டம் ஞாபகம் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போய் ஸ்டோரைத் திறந்தேன். உள்ளேயும் சேறுதான். ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடுத்தேன். அவளே அடுக்கடுக்காகத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடைசி அடுக்கை நான் தூக்கிப் போனேன். அவள் வீட்டு வாசலில் நாற்காலிகளை எதிரெதிராக வைத்து மெத்தைகளைக் கிடத்தியிருந்தாள். ரோட்டைப் பார்த்த முதுகுகளில் பெரிதாக எழுதிய கோயில் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேலே சின்னம் இருந்த வெளிறிய இடம். காக் உள்ளே போய், நனையாமல் தப்பிய, பூப்போட்ட பாத்தேக் கைலிகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு முதுகின் மேலும் போர்த்தினாள். என் முகத்தைப் பார்க்காமல் செய்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் மெத்தை, உன் வாசல், நான் கழுவிக் கொடுத்த நாற்காலி, யாருக்குப் பயந்து மூடுகிறாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாகப் போயிற்று. ஓட்டியவன் சேதத்தைப் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். எங்கள் தாமான் ஆள் இல்லை. காற்றில் ஒரு கைலி நழுவிக் கோயில் பெயர் பாதி தெரிந்தது. காக்கின் கை எட்டவில்லை.

நான் ஓடிப்போய் அதை இழுத்து மூடினேன்.